இரண்டாகப் பிரிந்த பதினேழாம் நம்பர் வீடு

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, மூடிப்போன ஒரு பஞ்சாலையின் பின்பக்கம், வரிசைக்குப் பதினாறாக எதிரும் புதிருமாக நிற்கும் முப்பத்திரண்டு லைன் வீடுகளும் ஒரு ஐப்பசி மாதத்தில் சமையல் வாசனையைப் பிடித்து வளர ஆரம்பித்தபோது, அதைப் பார்த்து மூக்கின் மேல் விரல் வைக்க அங்கே ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்குத் தண்ணி லாரி வரும் நாள்.

முதலில் வளர்ந்தது குடியிருப்போர் சங்கச் செயலாளர் பிச்சைமணியின் வீடு. பேரனுக்குக் காது குத்தி, குலதெய்வக் கோயிலில் மூன்று கிடா வெட்டி, ஊரெல்லாம் தின்றும் மிஞ்சிய கறியை இரண்டு அண்டாவில் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவைத்துவிட்டு அவர் தூங்கிப்போனார். விடிந்து பார்த்தால் அடுப்படி கொல்லைப்பக்கமாக நாலடி நீண்டு, பூசி, வெள்ளையடித்து, ஒரு ஜன்னலும் வைத்துக்கொண்டு நின்றது. ஆலையில் முப்பது வருஷம் மேஸ்திரியாக இருந்த மனிதர் அவர். புதுச் சுவரைச் சுற்றிவந்தார், விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார், "கலவை நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அதில் ஏற்கெனவே அடித்திருந்த ஆணியில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பல் விளக்கப் போனார்.

பதினேழாம் நம்பர் குருவம்மாள் இந்தச் சேதியைக் குடத்தோடு வரிசையில் நின்றபடி கேட்டாள். கேட்டதும் அவளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஐம்பத்து நாலு வயது, கணவர் போய்ப் பதினோரு வருஷம், பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை, ஒரே மகன் சங்கரேஸ்வரன், ஏழு மாதத்துக்கு முன்னால் வந்த மருமகள் சண்முகப்பிரியா, இவர்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு கூடமும் ஒரு அடுப்படியும்தான் வீடு. குருவம்மாள் கேஸ் சிலிண்டருக்கும் கிரைண்டருக்கும் நடுவே காலை மடக்கிப் படுப்பாள். கூடத்துக்கு வருவதற்கு முன் ஒருமுறை இருமுவாள். வரலாம் என்றால் அங்கிருந்து மகன் ஒருமுறை இருமுவான், வேண்டாம் என்றால் இரண்டு முறை. ஏழு மாதமாக அந்த வீட்டில் பாதிப் பேச்சு இருமலிலேயே நடந்தது.

போன வாரம்தான் மகன் இருமாமல் வாய் திறந்து சொல்லியிருந்தான். "தென்காசில ஒரு வாடகை வீடு பாத்திருக்கேம்மா. தை பொறந்ததும் நானும் பிரியாவும் போயிரலாம்னு இருக்கோம்." குருவம்மாளுக்கு நெஞ்சில் கல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ஆகாமல் என்ன செய்யும்? லைனில் எந்த வீட்டுப் பிள்ளை தனிக்குடித்தனம் போனாலும், "சோத்த ஒழுங்காப் போட்டிருந்தா ஏன் போறான்?" என்று தெருக்குழாயடியில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தானே! அதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. உள்ளுக்குள் இருந்தது வேறு: அந்த இருவரும் போய்விட்டால், விடிந்து எழுந்ததும் யாருக்காக இருமுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆகவே வீட்டுக்குச் சோறு போட்டு ஒரு அறை வளர்த்துவிடுவது என்று அவள் முடிவு கட்டினாள். நல்ல காரியத்தை இனிப்போடுதான் தொடங்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்துப் பழக்கம், அதனால் முதல் நாள் சேமியா பாயசம், இரண்டாம் நாள் கேசரி, மூன்றாம் நாள் அதிரசம் என்று கிண்டிக் கிண்டி வைத்தாள். வீடு ஒரு விரற்கடைகூட வளரவில்லை. மாறாக, அதற்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. கதவுகள் தாமாகத் திறந்து திறந்து சாத்திக்கொண்டன, கரண்ட் இல்லாத நேரத்தில் மின்விசிறி சுற்றியது, கொடிக்கயிறு துள்ளித் துள்ளி ஈரத்துணியையெல்லாம் எதிர்வீட்டு வாசலில் எறிந்தது.

சண்முகப்பிரியா நுண்ணுயிரியல் படித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், சாமி வந்து ஆடினாலும் சர்க்கரை அளவு பார்க்கலாமா என்று கேட்கிற ரகம். ஆடிய கதவை ஒரு காலால் அமுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்.

"வெறும் சீனி குடுத்தா இப்படித்தான் அத்த. அது விறகு மாதிரி, எரியும், ஆட்டம் போடும். சுவரு எழும்பணும்னா செங்கல் வேணும்ல? பருப்பு, முட்ட, கறி, அதுதான் செங்கல்."

"அதுக்கு வாயே இல்லயே தாயி, உள்ள என்ன வச்சிருக்கோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம ஒடம்புல கோடிக்கோடியா செல்லு கெடக்கு, அதுக்கெல்லாம் வாயா இருக்கு? தோலாலயே தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்கும் அத்த. என்ன வந்துருக்கு, எம்புட்டு வந்துருக்கு, இன்னிக்கு வளரலாமா, இல்ல உள்ள கெடக்குற பழசத் தின்னு பொழுத ஓட்டலாமான்னு பாத்து பாத்துத்தான் எல்லாம் செய்யும். வீடும் அப்படித்தான் போல."

வீடும் அப்படித்தான் போல என்பதை அவள், ரத்தத்தில் உப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள். குருவம்மாளுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது, ஆனால் அதை வெளியில் காட்டிக்கொள்வது மாமியார் உத்தியோகத்துக்கு அழகில்லை என்பதால் பாயசச் சட்டியை மட்டும் கழுவி வைத்தாள்.

மறுநாளிலிருந்து பதினேழாம் நம்பரில் துவரம்பருப்பு குழைந்தது, முட்டை வெந்தது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் கொதித்தது, புதன்கிழமை கருவாடு வதங்கியது. வீடு மூச்சை இழுத்துப் பிடித்து, வாசனையைச் சுவரெல்லாம் பூசிக்கொண்டு, மெல்ல மெல்ல வளர்ந்தது. கூடம் ஓரடி அகன்றது, பிறகு கிழக்கு மூலையில் ஒரு புடைப்பு, புடைப்பிலிருந்து ஒரு தடுப்பு, தடுப்பில் ஒரு கதவு, கார்த்திகை பிறக்கும்போது அந்தக் கதவுக்கு உள்பக்கமாக ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் பார்த்த மகன் வெட்கத்தோடு அம்மாவைப் பார்த்தான். அம்மா கூரையைப் பார்த்தாள். அன்றோடு அந்த வீட்டில் எல்லோருக்கும் இருமல் நின்றது, தென்காசி என்ற ஊரின் பெயரையே யாரும் எடுக்கவில்லை.

லைன் முழுக்க இதே கதைதான். ஆனால் வளர்கிற வீட்டுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது, அது தின்றதை மறைக்காது. ஒன்பதாம் நம்பர் பரமசிவம் மலைக்கு மாலை போட்டுக்கொண்டு, வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார், மாலை போட்ட மூன்றாம் வாரம் அவர் வீட்டுக்கு ஒரு பால்கனி முளைத்தது. பக்கத்து வீட்டு வாசனை சாமி, பக்கத்து வீட்டு வாசனை என்று அவர் சொல்லிப் பார்த்தார், பக்கத்து வீடு ஒட்டிய வயிறோடு அப்படியே நின்றுகொண்டிருந்தது. வரி போடுவதற்காக டேப்போடு அளக்க வந்த அதிகாரிக்கு ஒரு வீட்டில் டீயும் பருப்பு வடையும் கொடுத்தார்கள். வடை வேகும்போது அளந்தால் ஒரு நீளம், தின்றுவிட்டு அளந்தால் இன்னொரு நீளம். மனிதர் மூன்று முறை அடித்து எழுதி, கடைசியில் "வீடு, நலமாக உள்ளது" என்று மட்டும் குறித்துக்கொண்டு போனார்.

தொல்லை தெருவிலிருந்து வந்தது. பதினாலடிச் சந்து எட்டடியாகச் சுருங்கி, ஒருநாள் தண்ணி லாரி பிச்சைமணியின் புது ஜன்னலுக்கும் எதிர்வீட்டுப் புதுப் படிக்கட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. அன்று மாலையே சங்கம் கூடியது. செவ்வாய்க்கிழமை தோறும் அடுப்பு ஓய்வு, பழைய சோறும் மோரும் மட்டும் உண்டு, தாளிப்புச் சத்தம் கேட்டால் அபராதம் என்று பிச்சைமணி தன் கையாலேயே எழுதி ஒட்டினார். செவ்வாய் வந்தது. பசித்த வீடுகள் உள்ளுக்குள் திரும்பி, பழசைத் தின்ன ஆரம்பித்தன: கால் ஒடிந்த ஸ்டூல், கருகிப்போன மிக்ஸி, ஓட்டைக் குடம், ஆறு வருஷத்துக் காலண்டர்கள். உடைந்ததைத்தான் முதலில் தின்றன, நல்லதைத் தொடவில்லை, பொழுது சாயும்போது வீடுகள் துடைத்துவிட்ட மாதிரி இருந்தன, சந்தும் ஓரடி திரும்பக் கிடைத்தது. பெண்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துப்போய், எத்தனையோ வருஷமாக வீட்டுக்காரர் தூக்கிப்போட விடாத சாமான்களையெல்லாம் திங்கட்கிழமையே சுவரோரமாக நகர்த்தி வைத்தார்கள்.

குருவம்மாள் மட்டும் செவ்வாயை மதிக்கவில்லை. வளர்த்த அறையை வீடு திரும்பத் தின்றுவிட்டால்? தாழ்ப்பாள் போய்விட்டால்? அந்தப் பயத்தில் அவள் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரச்சாக்கைத் திணித்து, செவ்வாயன்றும் பருப்பைக் கடைந்தாள்.

"போதும் அத்த, நிறுத்துங்க" என்றாள் சண்முகப்பிரியா. "ஓயாமத் தின்னா செல்லு மலையாட்டம் வளந்துக்கிட்டே போகாது. ஒரு அளவுக்கு மேல ரெண்டாப் பிரிஞ்சிரும்."

"பிரியுறதா? நம்ம வீட்லயா?" குருவம்மாள் கரண்டியை ஓங்கிவிட்டாள். "வெளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சுடி இது? வாயக் கழுவு மொதல்ல."

மருமகள் வாயைக் கழுவிக்கொண்டாள். மாமியார் அந்தச் சொல்லை விரட்டுவதற்காக அன்றைக்கு இரண்டு மடங்கு சமைத்தாள்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கோலப்பொடிக் கிண்ணத்தோடு எழுந்துவந்த குருவம்மாள் நடுக்கூடத்தில் ஒரு சுவரில் முட்டிக்கொண்டாள். ஒன்பது அங்குலச் சுவர், பூசி வெள்ளையடித்தது, ஒரு பொந்து பொடவு கிடையாது. வாசலுக்கு ஓடிப் பார்த்தால் ஒரு வீட்டின் இடத்தில் இரண்டு வீடு, இரண்டு வாசல், இரண்டு அடுப்படி. பாத்திரங்கள் சமமாகப் பிரிந்திருந்தன; கிரைண்டர் இந்தப் பக்கம், அதன் குழவி அந்தப் பக்கம். எது இல்லாமல் வீடு வீடாகாதோ அதை மட்டும் வீடு பிரிப்பதற்கு முன்னால் நகல் எடுத்திருந்தது: மாலை போட்ட கணவர் படம் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று தொங்கியது. அந்தப் பக்கத்துப் படத்தில் மட்டும் மச்சம் இடது கன்னத்துக்கு மாறியிருந்தது.

"நகல் எடுக்கும்போது இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு தப்பு வரும் அத்த, அது சகஜம்" என்றாள் சண்முகப்பிரியா. குருவம்மாள் வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

லைன் இதையும் ஒரு வாய் காபியோடு விழுங்கிவிட்டது. பிச்சைமணி பெயிண்ட் டப்பாவோடு வந்து புது வாசலில் பதினேழு போட்டு, பக்கத்தில் ஒரு 'அ' போட்டார். புதுக்குடித்தனம் என்றால் பால் காய்ச்ச வேண்டுமே என்று பெண்கள் சொம்போடு வந்தார்கள், நாலு பேர் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள், நாலும் வெவ்வேறு மணி காட்டின. சம்பந்தியம்மாள் போன் போட்டு, "என்ன இருந்தாலும் ஒங்க மனசு யாருக்கு வரும் மதினி, நீங்களாவே சின்னஞ்சிறுசுகளத் தனியா வச்சிட்டீகளே" என்று நெகிழ்ந்தாள். தெருக்குழாயடியில் யாரோ, "சோத்த ஒழுங்காப் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, குருவம்மாளைப் பார்த்ததும் குடத்துக்குள் பார்க்கத் தொடங்கினார்கள்.

மகன் என்னவோ, "நாலு எட்டு வச்சா எங்க வீடும்மா, இதுக்கு ஏன் இப்படி அழுவுற?" என்றான். நாலு எட்டுத்தான். ஆனால் காலையில் எழுந்து அந்த நாலு எட்டையும் வைத்து, மகன் வீட்டு வாசலில் நின்று, கதவைத் தட்டுவதா வேண்டாமா என்று யோசித்தபோது, குருவம்மாளுக்குத் தொண்டையில் இருமல் வந்து அடைத்துக்கொண்டது.

அன்று மாலை மருமகளைத் தெருவில் நிறுத்திக் கேட்டாள். "பிரிஞ்சது திரும்ப ஒட்டாதா தாயி?"

சண்முகப்பிரியா யோசித்துச் சொன்னாள். "மண்ணுல ஒரு சாதி அமீபா இருக்கு அத்த. தீனி கெடைக்கிற வரைக்கும் தனித்தனியா அது அது பாட்டுக்குத் திரியும். பட்டினின்னு வந்துட்டா ஒண்ணையொண்ணு கூப்புட்டு, எல்லாம் ஊர்ந்து வந்து ஒரே ஒடம்பாச் சேந்துக்கிரும்."

குருவம்மாளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மறுநாளே அடுப்பை அணைத்து, சிலிண்டரைத் திருகி மூடி, முழுப்பட்டினி கிடக்க ஆரம்பித்தாள். மார்கழி விரதம் என்று ஊருக்குச் சொன்னாள். பசித்த வீடு முதல் நாள் உடைந்த மூடியையும் கிழிந்த பாயையும் தின்றது, இரண்டாம் நாள் பழைய குடையையும் காது போன வாணலியையும் தின்றது, அதன் பிறகு வேறு உடைசல் கிடைக்காமல் நடுச்சுவரை நக்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மாலை சுவர் நாலு அங்குலமாக இளைத்திருந்தது. நாலாம் நாள் காலை பார்த்தால் திரும்ப ஏழு அங்குலம்.

குருவம்மாள் சுவரில் மூக்கை வைத்து முகர்ந்தாள். முகர்ந்தவள் நேராகப் பதினேழு 'அ' வாசலுக்குப் போனாள், இருமவில்லை.

"ஏலே, ராத்திரி என்னடா தின்ன?"

"ஒண்ணுமில்லம்மா, ரெண்டு இட்லி."

"சுவரப் பாத்துச் சொல்லுடா."

சங்கரேஸ்வரன் சுவரைப் பார்த்தான். புடைத்திருந்த இடம் சரியாக அவன் உட்கார்ந்து சாப்பிடும் உயரத்தில், ஒரு இலை அகலத்துக்கு, எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. "பொரிச்ச பரோட்டா" என்றான் தலையைக் குனிந்து. "சால்னா கொஞ்சந்தாம்மா." அன்றிலிருந்து அவன் கடைக்குப் போய்த் தின்றுவிட்டு, வாய் கொப்பளித்து, பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் காற்று வாங்கிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

ஐந்தாம் நாள் பிற்பகல் சுவர் அப்பளமாகிவிட்டது. அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் மஞ்சளாகக் கசிந்தது. அந்தப் பக்கம் யாரோ சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் நிழல் தெரிந்தது, வளையல் தெரிந்தது. விடிந்தால் சுவர் இருக்காது என்பது குருவம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, பசியில் காது அடைத்திருந்தாலும் மனசு துள்ளியது. அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது. ஒரு பக்கம் மட்டும் பட்டினி கிடந்தால் சுவர் இவ்வளவு சீக்கிரம் இளைக்குமா?

"பிரியா," என்று சுவரில் வாயை வைத்துக் கூப்பிட்டாள். "இந்நேரம் வேலைக்குப் போகாம வீட்ல என்ன செய்ற?"

"தல சுத்துச்சு அத்த. லீவு சொல்லிட்டேன்."

"சாப்டியா?"

வளையல் மட்டும் அசைந்தது.

"ஏய், எத்தன நாளாச்சு சாப்ட்டு?"

"நீங்க ஆரம்பிச்ச அன்னைக்கு மறுநாள்ல இருந்து. வரக்காப்பி மட்டும் குடிச்சிட்டு இருக்கேன்." குரல் சன்னமாக, ஆனால் பக்கத்தில் கேட்டது. "நீங்க ஒத்தையிலே கெடந்தா பத்து நாளாயிரும்ல. ரெண்டு பக்கமும் கெடந்தாச் சீக்கிரம் விழுந்துரும்னு நெனச்சேன். ராத்திரி விழுந்துரும் அத்த, இன்னும் ஒரு ராத்திரிதான்."

குருவம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஒன்பது மாதத்தில் இவளை ஒருநாளாவது வாய் நிறைய மகளே என்று கூப்பிட்டிருக்கிறோமா என்று நினைத்து வெட்கப்பட்டாள். வெட்கத்தின் நடுவே வேறொரு நினைப்பு குறுக்கிட்டது: தலைசுற்றல்.

"தல எப்ப இருந்து சுத்துது?"

"பட்டினிக்கு முன்னால இருந்தே சுத்துதுதான்." நிழல் சுவரோடு இன்னும் நெருங்கி வந்தது. "நாள் தள்ளிப் போயிருக்கு அத்த. பதிமூணு நாளு. சுவரு விழுந்ததும் நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்."

குருவம்மாள் எழுந்தாள். ஐந்து நாள் பட்டினி அவளைச் சுவரைப் பிடிக்க வைத்தது, அப்பளச் சுவர் அவள் உள்ளங்கைக்குக் கீழே நொறுங்கப் பார்த்தது, ஒரு குத்து விட்டிருந்தால்கூடப் போதும். அவள் கையை எடுத்துக்கொண்டாள். நேரே அடுப்படிக்குப் போய் சிலிண்டரைத் திருகினாள்.

"அத்த, என்ன செய்றீங்க? வேண்டாம், அத்த! இன்னும் ஒரு ராத்திரி!"

"வாய மூடு. புள்ளத்தாச்சி வரக்காப்பி குடிக்கிறாளாம்."

பருப்பு கொதித்தது. பூண்டு தட்டிப் போட்டாள், சீரகம் தாளித்தாள், நெய்யை ஊற்றும்போது கை தாராளமாகவே சாய்ந்தது. வாசனை எழுந்து கூரையைத் தொட்டு, சுவரெல்லாம் இறங்கி வந்தது. ஐந்து நாள் பசித்துக் கிடந்த வீடு அதை ஆவென்று இழுத்துக் குடித்தது. நடுச்சுவர் ஓரங்குலம் ஆயிற்று, மூன்று ஆயிற்று, வளையல் நிழல் மங்கி, மஞ்சள் வெளிச்சம் அவிந்து, பூச்சு வந்து, வெள்ளையடித்துக்கொண்டது. குருவம்மாள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், மூக்கை முந்தானையில் துடைத்தாள், "வளந்து தொல, போ" என்றாள். சொல்லிவிட்டு முட்டைக் கூடையை எடுத்தாள்.

"பிரியா, முட்ட ஒண்ணு போதுமா, ரெண்டு வைக்கவா?" என்று கத்திக் கேட்டாள்.

சுவர் அதற்குள் ஒன்பது அங்குலத்தையும் தாண்டியிருந்தது. அந்தப் பக்கம் மருமகள் என்னவோ சொன்னாள், ஒன்றும் காதில் விழவில்லை. குருவம்மாள் மூன்று வைத்தாள்.